பொய்மீன் எவ்வளவு ஆழம் போகும்?

கோரைக்குளத்தில் ஒரு விரால் தம்பதி இருந்தது. கணவன் பெயர் கருவாலன், மனைவி பெயர் மினுக்கி. அவர்களுக்கு முந்நூறு குஞ்சுகள், அத்தனையும் சிவப்பு. சேர்ந்து நீந்தினால் தண்ணீரில் குங்குமம் கரைத்ததுபோல இருக்கும்.

குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே போகும், கீழே வரும். தாயும் தகப்பனும் ஓர் ஆள் ஆழத்தில் நின்று காவல் காப்பார்கள். பிள்ளைகள் பக்கம் எது வந்தாலும் கருவாலனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒரே பாய்ச்சல், ஒரே கடி! யோசிப்பதெல்லாம் கடித்த பிறகுதான்.

ஒருநாள் கரைக்கு ஒரு மனிதன் வந்தான். அவன் தூண்டிலில் புழு இல்லை. பிளாஸ்டிக் மீன் ஒன்று தொங்கியது. அதன் வயிற்றில் முள் இருந்தது. அதை வீசினான், தூண்டில் சக்கரத்தைச் சுற்றினான். பொய்மீன் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு முழ ஆழத்தில் ஓடியது. வெயிலில் நூல் பளிச்சென்று தெரிந்தது.

"பாரு மினுக்கி, பொய்மீன்! நூல்கூடத் தெரியுது!" என்று கருவாலன் சிரித்தான்.

தொடர்ந்து மூன்று நாள் அப்படியே நடந்தது. மூன்று நாள் பார்த்ததும் கருவாலன் பெரிய அறிவாளி ஆகிவிட்டான்.

"பொய்மீன் ஒரு முழத்துக்குமேல இறங்காது. நம்ம ஆழத்துக்கு வந்தா அது நிஜ மீன்தான். சந்தேகமே வேண்டாம்!" என்றான்.

நான்காம் நாள் ஒரு முக்குளிப்பான் பறவை குபுக்கென்று தண்ணீருக்குள் முங்கி வந்தது. அவள் பெயர் முங்கி. எப்போதும் மூன்று குஞ்சுகளை முதுகில் சுமந்து திரிபவள்.

"விராலண்ணே! அந்த ஆள் இன்னிக்கு வேற பொய்மீன் மாட்டியிருக்கான். அதோட தாடையில அகலமான தகடு இருக்கு. அது உங்க ஆழத்துக்கே வரும்!"

"நேத்து என் பிள்ளைங்க ரெண்டை முழுங்கினவதானே நீ?" என்று சீறினான் கருவாலன்.

"ஆமா, முழுங்கினேன். என் பிள்ளைங்களுக்குப் பசி."

"அப்புறம் எனக்கு எதுக்கு உபதேசம்?"

முங்கி இன்னும் கிட்டே வந்தாள். "போன வாரம் தென்கரையில என் வீட்டுக்காரர் அதை நிஜ மீன்னு கவ்வினார். அந்த ஆள் இழுத்துட்டுப் போயிட்டான். நான் பின்னாலேயே முங்கிப் பார்த்தேன். சின்னத் தகடு வெச்சது மேலாப்புல ஓடும். அகலத் தகடு வெச்சது இழுக்க இழுக்க அடிக்குப் போகும். அவன் கை நின்னா தானா மேல மிதந்துடும். நிஜ மீன் நின்னா, நின்ன இடத்துலயே நிக்கும். இது எனக்கு அன்னிக்குத் தெரியலையே அண்ணே!"

"கதை விடாதே!" என்றான் கருவாலன்.

அப்போதுதான் அது வந்தது. அடியிலேயே வந்தது. அடியில் வெளிச்சம் குறைவு, நூல் தெரியவில்லை. உடம்பை நெளித்துக்கொண்டு நேராகக் குஞ்சுகளை நோக்கிப் பாய்ந்தது.

கருவாலன் வாயைத் திறந்தான். மினுக்கி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு மூச்சு பொறுங்க!"

"தள்ளு! பிள்ளைங்களைத் தின்னுடும்!"

"நீங்க போயிட்டா முந்நூறு பேரை நான் ஒருத்தியா எப்படிக் காப்பேன்? ஒரே ஒரு மூச்சுங்க!"

பாய்ந்தே பழகியவனுக்குச் சும்மா நிற்பதைப்போல் கொடுமை வேறில்லை. ஆனாலும் நின்றான். அது நெருங்கியது. குஞ்சுகள் அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒடுங்கின.

கரையில் இருந்தவன் கை வலித்து, சுற்றுவதை நிறுத்தினான்.

மீனும் நின்றது. நின்ற இடத்தில் அதனால் நிற்க முடியவில்லை. மெல்ல மெல்ல மேலே போனது. வால் ஆடவில்லை, செவுள் அசையவில்லை. காய்ந்த சருகுபோல் மிதந்து நீரின் மேல் கிடந்தது.

கருவாலன் வாயை மூடினான். மினுக்கியின் செதிலோடு செதில் உரசி நின்றான். மேலே அந்த மனிதன் வெறும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போனான்.

இந்தக் களேபரத்தில் முங்கியின் குஞ்சு ஒன்று அவள் முதுகிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது. விழுந்த இடம் கருவாலனின் வாய்க்கு நேரே! விராலுக்குப் பறவைக் குஞ்சு என்றால் விருந்து. முங்கி பதறிச் சிறகடித்தாள்.

கருவாலன் தன் மூக்கால் அந்தக் குஞ்சை மெதுவாக மேலே தள்ளினான். தள்ளிக்கொண்டே போய் அவள் முதுகில் ஏற்றிவிட்டான்.

"பத்திரமா புடிச்சுக்கோடா, குட்டி" என்றான்.

முங்கியின் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நாளைக்கு என் பிள்ளைங்களுக்கு மறுபடியும் பசிக்குமே" என்றாள்.

"தெரியும். வடக்கு மூலையில தலைப்பிரட்டை நிறைய இருக்கு. அங்க போ!"

நம் ஆழத்துக்கு இறங்கி வந்ததாலேயே எதையும் உண்மை என்று நம்பிவிடக் கூடாது. இழுக்கும் கை நின்றபின் அது எங்கே நிற்கிறது என்று ஒரு மூச்சு பொறுத்துப் பார்க்க வேண்டும்.