கொழுந்து அனுப்பிய சேதி

உங்கள் வீட்டில் வாய் திறவாமல் ஒதுங்கியிருப்பவர் ஒருவர் இருப்பார். அவர் ஏன் பேசுவதில்லை என்று அவரிடமே சென்று கேட்டதுண்டா? அல்லது அவரைப் பற்றி வேறொருவர் சொன்னதைக் கேட்டே தீர்ப்பு எழுதிவிட்டீர்களா? விடையை இப்போதே சொல்ல வேண்டாம். மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில், செடியும் எறும்பும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், பருத்திக்குக் கிளை கிடையாது. பனையைப் போல ஒற்றைத் தண்டாக நெஞ்சளவு உயரும். உச்சியில் ஒரே ஒரு காய் வெடிக்கும். ஒரு பருத்திக்காடு முழுவதையும் கொய்தாலும் ஒரு தலைப்பாகைக்குப் பஞ்சு தேறாது.

ஆனால் கிளைக்கும் வகை அதனிடம் இல்லாமல் இல்லை. ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் இடுக்கில் எள்ளளவு மொட்டு ஒன்று சுருண்டு கிடந்தது. விதையிலிருந்து வந்த ஓலை ஒன்று ஒவ்வொரு மொட்டின் மடியிலும் இருந்தது. ‘நீள்வாய், பூப்பாய், காய்ப்பாய்’ என்று எல்லா ஓலையிலும் ஒரே எழுத்துதான். உச்சியில் இருந்த கொழுந்தின் ஓலையும் அதுவே. எனினும் ஓலையைப் பிரிக்கும் வேளையைக் கொழுந்துதான் அறிவிக்கும். அது நாள்தோறும் தண்டின் வழியே ஒரு சேதியைக் கீழே இறக்கும்: “இன்னும் வேளை வரவில்லை. உறங்குங்கள்.”

தொடக்கத்தில் அது நியாயமான சேதிதான். சுற்றிலும் களை உயர்ந்து நிழல் கட்டும்போது, எல்லா மொட்டும் ஒருசேரக் கை நீட்டினால் செடி வெயிலைக் காணாமலே வெளுத்துப்போகும். முதலில் ஒருவர் உயர வேண்டும். மற்றவர் பொறுக்க வேண்டும். ஆனால் களையைத் தாண்டி வெயிலுக்கு வந்த பிறகும் கொழுந்து அந்தச் சேதியை நிறுத்தவில்லை. ‘இவர்கள் எழுந்து என்னை மிஞ்சிவிட்டால்?’ என்ற ஐயம் அதன் தலைக்கு ஏறியிருந்தது.

ஐயம் தனியாக வாழாது. துணைக்குப் பொய்யை அழைக்கும். கொழுந்து மொட்டுகளிடம், “வேர் கஞ்சன். நீரையும் உரத்தையும் தன் வயிற்றிலேயே பதுக்கிவிட்டான். எழுந்தால் உங்களுக்குப் பட்டினிதான்” என்றது. வேரிடமோ, “மொட்டுகள் சோம்பேறிகள். நீ எழுப்பும் சேதி அனுப்பினாலும் வீண்; அனுப்பாதே” என்றது. மொட்டுகள் வேரைச் சந்தேகித்தன. வேர் மொட்டுகளைச் சந்தேகித்தது. ஒரே செடியில் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அந்தக் கரிசல் நாட்டில் மாசானம் என்பவனும் அவன் மனைவி ஆவுடையும் பருத்தி விதைத்திருந்தார்கள். அவர்களுடைய முதல் பிள்ளையை மாசிப் பனி கொண்டுபோயிருந்தது. போர்த்தத் துணி இல்லை. சோளத்தட்டையைத்தான் மேலே போட்டிருந்தார்கள். இப்போது ஆவுடை மீண்டும் கருவுற்றிருந்தாள். தை முடிவில் பிள்ளை பிறக்கும். அதற்குள் ஒரு போர்வைக்காவது பஞ்சு வேண்டும். அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

அந்த நாட்டாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மஞ்சள் வைப்பதற்கன்றிப் பருத்தியின் உச்சியில் எவரும் கை வைக்க மாட்டார்கள். அது பச்சைப் பிள்ளையின் உச்சிக்குழிக்குச் சமம் என்பார்கள். பௌர்ணமிதோறும் கொழுந்துக்கு மஞ்சள் தொட்டு வைத்து, காடு ஏன் காய்க்கவில்லை என்று அதனிடமே கேட்பார்கள்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. மஞ்சள் வைத்துவிட்டு வந்த மாசானம் கலப்பையை எடுத்துத் துடைத்தான்.

“வேர்லதான் வில்லங்கம், ஆவுடை. தண்ணியைப் பூராப் பதுக்குதாம். கொழுந்தே சொல்லிட்டுது. நாளைக்குக் காலையில ஏர் பூட்டி எல்லாத்தையும் மடக்கி உழுதுட்டு, சோளத்தை விதைச்சிருவோம்.”

“வேரைப் பத்திக் கொழுந்து சொல்லிச்சு. வேர்கிட்ட நீங்க கேட்டீகளா?”

“வேருக்கு வாயா இருக்கு?”

“கொழுந்துக்கு மட்டும் எப்படி வந்துச்சாம்? நீங்க மஞ்சள் வைக்க வைக்க வளர்ந்த வாய்தான அது.”

“ஏட்டி, மாசமா இருக்கிறவ பேசுத பேச்சா இது? சோளம்னா கஞ்சிக்காவது ஆகும்.”

“ஆகும். தட்டையை இந்தப் பிள்ளைக்கும் போர்த்தலாம்.”

மாசானம் கலப்பையைத் துடைப்பதை நிறுத்தினான். பிறகு மாடுகளைக் குளிப்பாட்ட ஓட்டிச் சென்றான்.

ஆவுடை காட்டுக்கு நடந்தாள். முதல் செடியின் தண்டில் ஒரு கட்டெறும்பு இறங்கி வந்துகொண்டிருந்தது. இலைக்கு அடியில் சுரக்கும் தேனை நக்கி வாழ்வது அது.

“என்ன தாயி, நாளைக்கு உழவாமே,” என்றது எறும்பு. “மேலயும் கீழயும் நாள் முழுக்க நடக்கேன். மேல ஒரு பேச்சு, கீழ ஒரு பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே தலை கிறுகிறுக்கு.”

“இதை என்கிட்டச் சொல்றதுல உனக்கு என்ன ஆதாயம்?”

“கிளை பெருகினா இலை பெருகும். இலை பெருகினா எனக்குத் தேன். ஆதாயம் இருக்கு. அதனால என்னையும் நம்பாதே. நீயே கேட்டுக்கோ.”

‘என்னையும் நம்பாதே’ என்று சொல்பவனின் சொல்லைச் சற்றே நின்று கேட்கலாம். ஆவுடை வயிற்றைத் தாங்கிக்கொண்டு மண்ணில் அமர்ந்தாள். தண்டின் அடியில் மண்ணை விலக்கி, “வேரே, ஏன் பதுக்குறே?” என்றாள்.

அதுவரை எவரும் வேரிடம் கேட்டதில்லை. வேர் மண்ணுக்குள்ளிருந்து பேசியது.

“நானா? மொட்டுகளை எழுப்புற சேதி ஆடியிலிருந்து என் கையில தயாரா இருக்கு. அதுகதான் வேண்டாம்னு சொல்லிட்டதாமே. சோம்பேறிகளுக்குச் சோறு எதுக்கு?”

அவள் எழுந்து, ஒரு மொட்டின்மேல் விரலை வைத்தாள்.

“எழும்பேன். ஏன் படுத்திருக்கே?”

“எதைத் தின்னுட்டு எழும்ப?” என்றது மொட்டு, அரைத் தூக்கத்தில். “வேர் ஒரு சொட்டுத் தர மாட்டானாம்.”

“யார் சொன்னா?”

“மேல இருந்து சொன்னாங்க.”

ஆவுடை நிமிர்ந்து கொழுந்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். அதன் நெற்றியில் மஞ்சள் இன்னும் காயவில்லை.

“கேட்டாயிற்றா?” என்றது கொழுந்து. “இவர்களை வெயிலுக்குத் தூக்கி வந்தவன் நான். என் வழியாக அல்லாமல் இங்கே எவரும் பேசியதில்லை. உன் விரல் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள். என்னைத் தொட்டால் உன் வயிற்றிலிருப்பது என்னவாகும்?”

நீட்டிய கை தானாக வயிற்றுக்குத் திரும்பியது. எறும்பு பொய் சொல்லியிருக்கலாம். வேரும் மொட்டும் கூடிப் பேசியிருக்கலாம். கொழுந்தின் சாபம் மட்டும் மெய்யாக இருக்கலாம். அவள் யாரையும் முழுமையாக நம்பவில்லை. நாளை ஏர் வரும், தையில் பிள்ளை வரும் என்ற இரண்டும் மட்டுமே அவளுக்கு உறுதியாகத் தெரிந்தன.

“என் மூத்த பிள்ளை இருந்தப்போ உன்னை நான் தொட்டதே இல்ல,” என்றாள் ஆவுடை. “அப்பவும் அவன் போயிட்டானே.”

கட்டைவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நுனியைக் கிள்ளினாள். தண்டில் இறங்கிக்கொண்டிருந்த சேதி பாதியில் அறுந்தது. அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். அதற்கடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

மாடுகளோடு திரும்பி வந்த மாசானம் காடெங்கும் மொட்டையாக நின்ற செடிகளைக் கண்டு தலையில் கை வைத்தான். “குடியைக் கெடுத்திட்டியே, பாவி.”

“பத்து நாள் ஏரை அவுத்துப் போடுங்க. ஒண்ணும் முளைக்கலேன்னா உழுதுருங்க. நான் குறுக்க வர மாட்டேன்.”

அவன் நம்பவில்லை. ஆனாலும் பொறுத்தான். தினமும் விடிந்ததும் அவளோடு காட்டுக்குப் போய், செடியையும் அவள் வயிற்றையும் ஒரே பார்வையால் பார்த்தான்.

கொழுந்தின் சொல் ஓய்ந்ததும் வேர் தன் சேதியை மேலே அனுப்பியது. நான்காம் நாள் மொட்டுகள் முளைவிட்டன. பத்தாம் நாள் ஓலைகள் எல்லாம் பிரிந்தன. எழுத்து ஒன்றேயாயினும் இடத்துக்கேற்ப வேலை வேறாயிற்று. அடிக்கணுவில் எழுந்தவை தண்டைப் போல் நிமிர்ந்து தோள் கொடுத்தன. மேற்கணுவில் எழுந்தவை வளைந்து வளைந்து நீண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒரு பூ வைத்தன. மாசானம் ஏரைக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சாத்தினான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒருநாள் எறும்பு அவனைக் கூப்பிட்டது. “அண்ணாச்சி, தண்டுல காதை வையும்.” வைத்தான். மிக மெல்லிய குரலில், “உறங்குங்கள்” என்று ஒரு சேதி இறங்கிக்கொண்டிருந்தது. நேற்றுவரை உறங்கிக் கிடந்த மேற்கிளை ஒன்று, உச்சி காலியானதைக் கண்டு நிமிரத் தொடங்கியிருந்தது.

இம்முறை மஞ்சள் வைத்த அதே விரலால் மாசானமே அதைக் கிள்ளினான்.

தையில் பஞ்சு வெடித்துக் காடு வெளுத்தது. ஆவுடை நூற்ற நூல், பெண் குழந்தை பிறப்பதற்கு ஆறு நாள் முன்னதாகப் போர்வையாயிற்று. மாசிப் பனி அவ்வாண்டும் கூரையைத் துளைத்து இறங்கியது. காலையில் மாசானம் துணியை விலக்கித் தொட்டுப் பார்த்தான். பிள்ளையின் உள்ளங்கால் சூடாக இருந்தது.

அன்று முதல்தான் பருத்தி கிளைகிளையாய்க் காய்க்கிறது. அன்று முதல்தான் செடி நெஞ்சளவு வந்ததும் உழவர் அதன் நுனியைக் கிள்ளுகிறார்கள்; கிள்ளியபின் மறுபடியும் ஒரு நடை சென்று பார்க்கிறார்கள்.

ஆகவே, என் அன்புக்குரியவர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் வேர் யார், உறங்கும் மொட்டு யார் என்று உங்களுக்கே தெரியும். இடையில் நின்று சேதி சொல்பவரிடம் போகாதீர்கள். உரியவரின் பக்கத்தில் போய் அமருங்கள். “உன்னைப் பற்றி எனக்குச் சொன்னது மெய்தானா?” என்று அவரிடமே கேளுங்கள். இன்று, பொழுது சாய்வதற்குள் கேளுங்கள். நாளைக் காலையில் ஏர் பூட்டியிருப்பார்கள்.