மூன்று முறை அழித்த விளக்கு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கோயமுத்தூர் கணபதியில் கோகிலவாணியின் கார் பட்டறையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யர் தெய்வசிகாமணிக்கு ஐம்பத்து மூன்று. மில்லில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டுக் கார் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். அவளை அவர் 'அம்மணி' என்பார். அவரை அவள் 'அண்ணா' என்பாள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிகாமணி பட்டறையில் தனியாக இருந்தார். டாக்டர் ஜெபமணியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக உள்ளே வந்தது. இருபது வருஷத்துப் பழைய வண்டி. இரண்டே சீட்டு.

"மறுபடியும் எரியுதுங்க," என்றார் டாக்டர். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மீட்டரில் எரிந்துகொண்டிருந்தது. "எனக்கு ஆபரேஷனுக்கு நேரமாச்சு. ரெண்டு மணிக்கு வர்றேன். கோத்தகிரி ஹாஸ்டல்ல பாப்பாவுக்கு லீவு விடறாங்க. கூட்டிட்டு வரணும்."

ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை இதே விளக்குக்காகத்தான் சிகாமணி மூன்றாவது சிலிண்டருக்குத் தீப்பொறி தருகிற பிளக்கையும் காயிலையும் மாற்றினார். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தி விளக்கை அழித்தார். புதன்கிழமை வண்டி திரும்பி வந்தது. அன்றைக்கு எதையும் மாற்றவில்லை. பொத்தானை மட்டும் அழுத்தினார். அதைக் கோகிலவாணியிடம் சொல்லவும் இல்லை.

அவள் வர இன்னும் அரைமணி இருந்தது. கை தானாகப் போயிற்று. விளக்கு அணைந்தது. கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்கிற பூனைக்குக்கூட அவ்வளவு நிம்மதி இருந்திருக்காது.

அந்த நிம்மதி அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும் வரை இருந்தது.

"டாக்டர் வண்டி ஏன் வந்திருக்கு?"

"லைட் எரிஞ்சுதாமாங்க."

"இப்ப?"

"எரியலீங்க."

"பதிவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க அம்மணி."

விளக்கு எரிகிற அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் இழுத்தது என்பதையெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு துண்டுச் சீட்டுப் போல எழுதி வைத்துக்கொள்ளும். விளக்கை அழித்தால் சீட்டும் போய்விடும். சிகாமணிக்கு அது தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோகிலவாணி ஸ்கேனரை வாங்கி ஒரு பக்கம் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் சற்று நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எங்க போறப்ப எரிஞ்சுதாம்?"

"கேக்கலீங்க."

"கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார். டாக்டரின் போன் அணைந்திருந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். உள்ளே போனால் ஆபரேஷன் முடியும் வரை வெளியே வரமாட்டார்.

"வண்டில ஏறுங்கண்ணா. நீங்க ஓட்டுங்க."

"எது வரைக்குமுங்க?"

"லைட் எரியற வரைக்கும்."

அவிநாசி ரோட்டில் ஏர்போர்ட் வரை போனார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் போனார்கள். பக்கத்து சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு கோகிலவாணி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கனம் என்னவோ அவளுக்கு, வழியில் பயம் மட்டும் சிகாமணிக்கு. சாலையை ஒரு கண்ணாலும் மீட்டரை ஒரு கண்ணாலும் பார்த்தார். எரிந்துவிடக் கூடாது, எரிந்துவிடக் கூடாது என்று தனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் கேட்டுக்கொண்டார்.

எரியவில்லை. வண்டி வெண்ணெயாகப் போயிற்று.

"அம்மணி, லைட் எரியாம இருந்தா நல்லதுதானுங்களே?"

"யாருக்கு?"



பதினொரு மணி தாண்டியது. மூன்றாவது சுற்றில் ஒரு பள்ளிக்கூட வேன் முன்னால் போனது. பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறுமி சிவப்புக் காரைப் பார்த்துக் கையசைத்தாள். சிகாமணிக்குக் கோத்தகிரி மலைப்பாதை ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவில் வண்டி நின்றால் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் கிடையாது. இரண்டு சீட்டில் ஒன்றில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும்.

இங்கே எரியாவிட்டால் அங்கேதான் எரியும். காலையிலிருந்து கேட்டதையெல்லாம் சாமிகளிடம் திருப்பிக் கேட்டார். எரிஞ்சிடு, இப்பவே எரிஞ்சிடு.

விளக்கு எரியவில்லை.

சிக்னலில் நின்றபோது சொன்னார்: "அம்மணி, காலைல நாந்தான் அழிச்சேனுங்க."

"ம்."

"புதங்கெழமையும் அழிச்சேனுங்க. வேலை ஒண்ணும் பாக்கல. சும்மா அழிச்சேன்."

"பச்சை விழுந்துருச்சு. போங்கண்ணா."

கொஞ்ச தூரம் போனபிறகு அவள் ஸ்கேனரை அவர் பக்கம் திருப்பினாள். விளக்கை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் அதில் இருந்தது. நாற்பத்தொரு கிலோமீட்டர்.

"காலைல நான் பாத்தப்ப சைபர் இருந்துச்சு," என்றாள்.

"அப்பவே திட்டியிருக்கலாமுங்களே."

"திட்டியிருந்தா லைட் எரிஞ்சிருக்குமா?"

சிகாமணிக்குக் கண் கலங்கியது. "செவ்வாக்கெழம ஒரு சீட்டு, புதங்கெழம ஒரு சீட்டு, இன்னிக்கு ஒண்ணு. மூணையும் நானே கிழிச்சுப் போட்டுட்டனுங்க."

"நாலாவது எழுதட்டும். சம ரோட்டுல நாப்பது கிலோமீட்டர் ஓட்டியாச்சு. மருதமலைக்கு விடுங்க."

மலைப்பாதையில் இரண்டாவது வளைவு வரை ஒன்றும் இல்லை. மூன்றாவது வளைவில் கியரைக் குறைத்து மிதித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மறுபடியும் குலுக்கியது. மீட்டரில் மஞ்சள் விளக்கு கண்ணைச் சிமிட்டியது. நின்று எரிந்தால் கவனி என்று அர்த்தம். சிமிட்டினால் உடனே நிறுத்து என்று அர்த்தம்.

"வந்துருச்சுங்க! அம்மணி, வந்துருச்சுங்க!"

திருவிழாக் கூட்டத்தில் தொலைத்த பிள்ளையைக் கண்டவர் போலக் கத்தினார். சாமி கும்பிட்டு இறங்கிவந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"ஓரமா நிறுத்துங்க. படிங்க."

அவர் படித்தார். "மூணாவது சிலிண்டருங்க. வேகம் பதினெட்டு. எஞ்சின் நல்ல சூடு. பாரம் எம்பத்தேழு சதவீதம்."

"பாரம் இழுக்கறப்ப எஞ்சின் என்ன பண்ணும்?"

மில் ஃபிட்டருக்கு அது தெரியாதா? "முறுக்கிட்டு ஒரு பக்கமா சாயுமுங்க."

"சாஞ்சா?"

சிகாமணி இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சிலிண்டருக்குப் போகிற வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். சூடு பட்டது. கையை எடுக்கவில்லை. ஓர் இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில் வயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. எஞ்சினைத் தாங்குகிற ரப்பரும் அந்தப் பக்கம் நொறுங்கியிருந்தது. எஞ்சின் சாயும்போதெல்லாம் வயர் பட்டையில் போய் உரசியிருக்கிறது. சம ரோட்டில் வருஷக்கணக்காக ஓட்டினாலும் அது உரசாது.

அங்கேயே வயருக்குத் தற்காலிகமாக டேப் சுற்றி மெதுவாக இறங்கினார்கள். பட்டறைக்கு வந்து வயருக்குப் புது உறை போட்டு, பட்டையில் படாமல் விலக்கிக் கட்டினார் சிகாமணி. அந்த ரப்பர் மட்டும் கடையில் இல்லை. சென்னையிலிருந்து திங்கட்கிழமைதான் வரும். மணி ஒன்றே முக்கால்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவர் கை ஸ்கேனர் பக்கம் போனது.

"என்னண்ணா பண்றீங்க?"

"வயர் வேலை முடிஞ்சுதுங்களே. அழிச்சிட்டு..."

"வேண்டாம். சரியாயிருந்தா, மூணு தடவை ஒழுங்கா ஓடினதும் அதுவே அணையும்."

"டாக்டர் வந்து எரியறதப் பாப்பாருங்களே."

"பாக்கட்டும்."

"என்ன சொல்றதுங்க அவருகிட்ட?"

"நடந்தத." அவள் சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கால் மணி நேரம் சிகாமணி நான்கு முறை தண்ணீர் குடித்தார். மில்லில் பெரிய பெரிய மெஷின்களுக்குள் தலையை விட்டிருக்கிறார். இவ்வளவு பயந்ததில்லை.

டாக்டர் வந்தார். முதலில் பார்த்தது விளக்கைத்தான்.

"என்னங்க இது, இன்னும் எரியுது?"

சிகாமணி சொன்னார். வயரைச் சொன்னார், ரப்பரைச் சொன்னார். கடைசியில், "புதங்கெழம நான் ஒண்ணுமே சரி பண்ணலீங்க டாக்டர். லைட்டை மட்டும் அழிச்சுக் குடுத்தேன். இன்னிக்குக் காலைலயும் அழிச்சேன்," என்றார்.

டாக்டரின் முகம் சிவந்தது. "நேத்து மேம்பாலத்துல ஏறறப்ப வண்டி குலுங்கி நின்னுது. பின்னால லாரி. பக்கத்துல எங்கம்மா உக்காந்திருந்தாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"ஆபரேஷன் தியேட்டர்ல அலாரம் அடிச்சா, அத அமத்திட்டு நான் டீ குடிக்கப் போனா எப்படி இருக்கும்? உங்க வயசுக்கு இதச் செய்யலாமா?"

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, எனக்கு நேரமில்ல. பாப்பா நாலரை மணிக்கு வாசல்ல நிப்பா. இந்த வண்டில அவள ஏத்தலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

சிகாமணி திரும்பிக் குழாயடியைப் பார்த்தார். கோகிலவாணி நகக்கண்ணில் இருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏத்தாதீங்க," என்றார் சிகாமணி. "வயரைக் கட்டியாச்சு. ஆனா ரப்பர் இல்லாம எஞ்சின் சாயறது நிக்காதுங்க. புதுசு மாட்டி, நானே மலை ஏத்தி எறக்கிப் பாக்கற வரைக்கும் கொழந்தைய இதுல ஏத்தாதீங்க."

டாக்டர் அவரை முறைத்தார். பிறகு போனை எடுத்து டாக்ஸிக்குச் சொன்னார். டாக்ஸி வருகிற வரைக்கும் இன்னும் ஏதேதோ திட்டினார். ஏறும்போது சாவியைச் சிகாமணியின் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

சிகாமணி வாசலிலேயே நின்றார். கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அம்மணி, புதங்கெழம அந்த மனுஷன் எவ்வளவு சந்தோசமாப் போனாருங்க. பொய் சொன்னப்ப சிரிச்சாரு. உண்மையச் சொன்னேன், நம்பிக்கையே போயிருச்சுங்களே."

"புதங்கெழம சிரிச்சுட்டு வண்டிய எடுத்துட்டுப் போனாரு," என்றாள் அவள். "இன்னிக்குத் திட்டிட்டு, உங்ககிட்ட விட்டுட்டுப் போயிருக்காரு."