பூட்டனார் காலமான தேதி

மேலச்செவலூரில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள், யாரும் பதற வேண்டாம். மூத்தவர் சிதம்பரநாதன், அடுத்தவர் தெய்வநாயகம், கடைக்குட்டி பூதலிங்கம். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள் என்று ஊரில் மூவருக்கும் நல்ல பெயர். அவர்களோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணாதவர்கள் வைத்த பெயர் அது.

மூத்தவரைக் கட்டிக்கொண்டு வந்த சங்கரவடிவு முப்பது வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறாள். ஒருநாள், "பால் பொங்குதான்னு பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்து, தரையில் ஓடியது. "பொங்கிட்டு மதினி. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்தாச்சு" என்றார் பூதலிங்கம்.

அந்தச் சங்கரவடிவின் மகள் கோமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, இந்த மூன்று பேரின் ஒரே தங்கை ஆவுடையம்மாளின் மகன். கப்பலில் வேலை. வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அதை விட்டால் திங்கட்கிழமை கப்பல் ஏறிவிடுவான், எட்டு மாசம் கழித்துத்தான் இறங்குவான். இறங்கும்போது புரட்டாசி பிறந்திருக்கும். புரட்டாசியில் எவன் தாலி கட்டுவான்? ஆகவே சங்கரவடிவு அந்த வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு நடுவில் கனடாவிலிருந்து ஒரு போன். சித்தப்பா மகன் முத்தையா குடும்பத்தின் வம்சாவளியை இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருந்தான். யாருக்கு யார் பிள்ளை, யார் யாரைக் கட்டினார்கள் என்று மரம் மாதிரிக் கிளை பிரித்துக் காட்டுவது. அதைப் பேனராக அடித்துக் கல்யாண மண்டப வாசலில் வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"அண்ணாச்சி, சில பேருக்குப் பக்கத்துல சிவப்புப் புள்ளி இருக்கும். அதெல்லாம் தப்பு. மூணு பேரும் சேந்து உக்காந்து, அது கேக்குற கேள்விக்குப் பதில் போட்டுச் சரிபண்ணிருங்க."

மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள், கோமதியின் லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு. பூதலிங்கம் ஒன்றுக்குப் போக எழுந்தால் மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டு பேராக உட்காரச் சொல்லி உத்தரவு இல்லையே.

முதல் புள்ளி ஆவுடையம்மாளுக்குப் பக்கத்தில் இருந்தது. யாரோ அவளை இரண்டு தடவை ஏற்றியிருந்தார்கள். 'இவர்கள் இருவரும் ஒருவரா? ஆம், இல்லை' என்று கேட்டது.

"நாமளா ஒண்ணு சொல்லக் கூடாது. அவகிட்டயே கேப்போம்" என்றார் சிதம்பரநாதன். தங்கைக்குப் போன் போட்டார். "ஏட்டி ஆவுடை, நீ ஒருத்தியா, ரெண்டு பேரா?"

"ஒருத்தியா? கல்யாண வீட்டுல காலையில இருந்து ரெண்டு ஆள் வேலை பாக்குதேன்! வைங்க போனை!"

'இல்லை' என்று அழுத்தினார்கள். புள்ளி போய்விட்டது.

"சம்பந்தி சேலை ரெண்டா எடுத்துரு. ஆவுடை ரெண்டு பேர்னு முடிவாயிட்டு" என்று மனைவியிடம் சொன்னார் சிதம்பரநாதன். சங்கரவடிவு கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். முகூர்த்தம் முடியட்டும் என்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலையில் வாழையிலைக்குச் சொல்லிவர அவள் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது, "செத்ததை யாராவது கண்ணால பாத்தியளா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. எலியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு, தன் கல்யாணத்தைச் சேர்க்காமல், இதுதான்.

பேச்சு எலியைப் பற்றி அல்ல. இரண்டாவது புள்ளியைப் பற்றி. தாத்தாவுக்கு அப்பா, அதாவது பூட்டனார், பெயருக்குப் பக்கத்தில் 'வயது 146. உயிருடன் இருக்கிறாரா? இல்லையென்றால் இறந்த தேதி தருக' என்று இருந்தது.

"நான் பாக்கல" என்றார் தெய்வநாயகம்.

"நானும் பாக்கல. நூத்தி நாப்பத்தாறு வயசு மனுஷன். இத்தன நாளும் ஒரு வாய் கஞ்சி கொண்டு குடுத்திருப்போமா?" பூதலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அழாதல. கேள்வியைக் கவனி" என்றார் சிதம்பரநாதன். "இருக்காருன்னா இந்த வீட்டுல சத்தம் கேட்டிருக்கும். நம்ம வம்சத்துல யாரும் சும்மா இருந்தது இல்ல. அதனால இறந்துட்டாரு. தேதிதான் வேணும்."

பிறகு அவரே கேட்டார்: "இறந்தது நமக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பதான், நீங்க சொல்லி."

"அப்போ இன்னைக்குத் தேதியப் போடு."

போட்டார்கள். புள்ளி மறைந்தது. மரம் முழுக்கப் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது.

பதினோரு மணிக்குச் சங்கரவடிவு திரும்பி வந்தாள். முற்றத்தில் மூன்று பேரும் ஈர வேட்டியோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"என்ன கோலம் இது?"

"பூட்டனார் தவறிட்டாரு வடிவு. தலைமுழுகியாச்சு."

"யாரு?"

"தாத்தாவுக்கு அப்பா. இன்னைக்குக் காலையில பத்தேகாலுக்கு."

"சொந்த வீட்டுத் தீட்டு மதினி, பதினாறு நாள்" என்றார் தெய்வநாயகம் மரியாதையாக. "பந்தல்காரரை வர வேண்டாம்னு சொல்லியாச்சு. ஆவுடைக்கும் துக்கம் சொல்லியாச்சு. எப்படிப் போனாருன்னு கேட்டு ஒரே அழுகை."

"நீங்க என்ன சொன்னிய?"

"ரொம்பச் சிரமப்படல, ஒரே அழுத்துல போயிட்டாருன்னு சொன்னோம்."

சங்கரவடிவு திரும்ப வெயிலில் போய் நின்று ஒரு நிமிஷம் மூச்சு விட்டாள். இவர்களிடம் கத்தினால் கத்தலையும் தேதி போட்டு ஏற்றிவிடுவார்கள்.

"பேசாம அந்தத் தேதிய எடுத்துருங்க" என்றாள்.

"செத்தவரை எழுப்பவா! பாவம் இல்லையா?" என்றார் கணவர்.

"எழுப்ப வேண்டாம். கொஞ்சம் முன்னால தள்ளிப் போடுங்க. பழைய சாவுக்குத் தீட்டு கிடையாது."

இது மூன்று பேருக்கும் நியாயமாகப் பட்டது. ஈரத்தோடு உட்கார்ந்தார்கள்.

"ஐம்பத்தெட்டு, தை மாசம்?"

"அது அப்பா கல்யாணம். தீட்டோட நடந்த கல்யாணம் ஆயிரும். அப்புறம் நாம யாரு?"

"அறுபத்தொண்ணு வைகாசி?"

"சித்தப்பா கல்யாணம்."

"ஐம்பத்தாறு ஆவணி?"

"பெரிய அத்தை கல்யாணம்."

அரை மணி நேரம் போனது. தை, பங்குனி, வைகாசி, ஆவணி என்று எந்த மாசத்தைத் தொட்டாலும் எவனோ ஒருவன் எவளோ ஒருத்தியைக் கட்டியிருந்தான். "அந்த மனுஷனுக்குச் சாகவே வழியில்லாமப் பண்ணிட்டாங்களே" என்று தெய்வநாயகம் தலையில் கை வைத்தார்.

"ஆடி மாசத்துல போடுங்க!" என்றாள் சங்கரவடிவு. "ஆடியில இந்த வீட்டுல யாருக்காவது கல்யாணம் நடந்திருக்கா?"

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். "மதினி படிச்சவுக" என்று பூதலிங்கம் மெதுவாகச் சொன்னார். ஐம்பத்தொன்றாம் வருஷம், ஜூலை முப்பது. அவளே அழுத்தினாள்.

பிறகு பந்தல்காரரைக் கெஞ்சி வரவழைத்தாள். ஆவுடையம்மாளுக்குப் போன் போட்டு, "மதினி, அழாதிய. அவரு செத்து எழுவத்தினாலு வருஷம் ஆயிட்டு" என்றாள்.

"அடப்பாவிகளா! இத்தன வருஷமா எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று அங்கே அழுகை இன்னும் உரத்தது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தது. மேளம் கொட்டியது, மாப்பிள்ளை தாலி கட்டினான், கோமதி தலைகுனிந்து சிரித்தாள். சங்கரவடிவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

திரும்பிப் பார்த்தாள். மணவறைக்குப் பக்கத்தில் மூன்று பேரும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். பெற்று வளர்த்த பாசம் யாரை விடும்? முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கணவர்மேல் இரக்கம் வந்தது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள்.

"இதுக்குப் போயா அழுதிய? உள்ளூர்லதான இருக்கப் போறா."

"கோமதிக்கு இல்ல வடிவு" என்றார் சிதம்பரநாதன். "பூட்டனார நெனச்சேன். போன வாரம் வரைக்கும் நல்லா இருந்த மனுஷன். இந்தக் கல்யாணத்தைப் பாக்கக் குடுத்துவைக்கல."

"இது மட்டுமா அண்ணாச்சி?" என்று விம்மினார் பூதலிங்கம். "நம்ம அப்பா கல்யாணத்தக்கூடப் பாக்கவிடாம மதினி பண்ணிட்டாவளே!"