பெஞ்சு கேட்ட நோட்டீஸ்

எங்கள் சங்கத்து நோட்டீஸ்களை எந்த நூலகமும் கேட்டு வாங்கியதில்லை. வாங்கச் சொல்லி நாங்களும் எவன் வாசலிலும் நின்றதில்லை. அத்தனையையும் நாங்களே கணினியில் ஏற்றினோம். காத்து வந்தவர் தோழர் மரகதவல்லி. அதில் தேடுவதற்கு அவரிடம் பாடம் கேட்க வந்தவர் பொன்னுரங்கம். ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்; ஆசிரியரைவிட வயதில் மூத்த சீடர்.

ஒரு நாள் நூல் மில்லிலிருந்து சவரியம்மாள் வந்தாள். வேலை நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"பெஞ்சு போராடி வாங்கினதுன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கிறான் மேனேஜர். நாளைக்கு விசாரணை. காட்ட ஒரு காகிதம் வேணும் தோழர்."

பொன்னுரங்கம் கணினியில் தட்டினார்: 'பணியிடத்தில் இருக்கை வசதி.' ஒன்றும் வரவில்லை.

"நம்மகிட்ட இல்லை தோழர்."

"இருக்கு. கலெக்டர் ஆபீஸ் பாஷையில கூப்பிட்டா நம்ம நோட்டீஸ் திரும்பிப் பார்க்குமா?"

மரகதவல்லி ஏ.ஐ.யைத் திறந்தார். மில்லில் பெஞ்சு கேட்டு வென்றதாக, அந்தக் காலத்து நோட்டீஸ் போல ஒன்று எழுதச் சொன்னார்.

"பொய் நோட்டீஸா?" சீடர் பதறினார்.

"பொய்தான். தேடறதுக்கு மட்டும்."

அது எழுதியது: 'நிற்கவைத்துக் கொல்லும் முதலாளியே! கால் வீங்கிய தாய்மார் கேட்கிறோம்…'

"காலே இல்லாததுக்குக் கால்வலி எப்படித் தெரிஞ்சுது?" சவரியம்மாள் சிரித்துவிட்டாள்.

"நாம கத்தினதைப் படிச்சிருக்கும்" என்றார் மரகதவல்லி.

அந்த வாசகம் முழுவதையும் தேடலுக்குக் கொடுத்து, இதைப் போல நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். அதே மில்லின் மங்கிய நோட்டீஸ் ஒன்று மேலே வந்தது. 'கால் வீங்குது, பெஞ்சு போடு என்றோம். போடவைத்தோம். நூல் சுற்றும் பகுதிக்கு மட்டும்.' கீழே, கைதானவர்களின் பெயர்கள்.

"நான் அங்கதான் வேலை பாக்கறேன்!" சவரியம்மாள் எழுந்தே விட்டாள்.

பொன்னுரங்கம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏ.ஐ. எழுதினதுதான் தோழர் கம்பீரமா இருக்கு. எல்லாப் பகுதிக்கும் பெஞ்சு, முழு வெற்றின்னு போட்டிருக்கு. இதையே கொடுத்தனுப்பினா என்ன? அங்க யாருக்குத் தெரியப்போகுது?"

மரகதவல்லி மங்கியதை அச்செடுத்துச் சவரியம்மாள் கையில் கொடுத்தார். மற்றதை அழித்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

"அதை எழுதினதுக்கு யார் தோழர் ஜெயிலுக்குப் போனது?"