நின்றபடி காட்டிய பட்டு

ஓய்வு பெற மரகதவல்லிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதற்குள் வேலையை விட வழியில்லை, முழங்காலோ ஒத்துழைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வேலை பார்த்த புடவைக் கடைக்குப் புது மேனேஜர் பரந்தாமன் வந்தார். வந்ததும் விற்பனைப் பெண்களின் ஸ்டூல்களை எடுக்கச் சொன்னார்.

"நின்னாத்தான் கஸ்டமருக்கு மரியாதை. முடியாதவங்க வீட்டுக்குப் போகலாம்."

"நிக்கிறேன் சார். கஸ்டமரே உட்காரச் சொன்னா?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"அவங்க சொன்னா தலைகீழாக்கூட நில்லுங்க" என்று சிரித்தார்.

மறுநாள் கல்யாணப் பட்டு எடுக்க ஒரு பெரியம்மாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மரகதவல்லி எதிரே விறைப்பாக நின்று, ஒவ்வொரு புடவையையும் தலைக்கு மேலே தூக்கி விரித்தாள். நாலாவது புடவைக்குப் பெரியம்மாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"புடவை பாக்க வந்தேனா, கோபுரம் பாக்க வந்தேனா? உட்காந்து காட்டும்மா, புண்ணியமாப் போகும்."

"சார், கஸ்டமர் உட்காரச் சொல்றாங்க" என்று மரகதவல்லி குரல் கொடுத்தாள்.

பரந்தாமன் ஓடிவந்தார். "மரியாதைக்காகத்தான்மா நிக்கச் சொன்னேன்."

"அந்த மரியாதை என் கழுத்துக்குத் தாங்கலை. நீயும் உட்காருப்பா, உன்னையும் அண்ணாந்து பாக்கணுமா?"

உட்கார்ந்த பரந்தாமன், ஷூவைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, பில் போடும்வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் எல்லாப் பெண்களுக்கும் ஸ்டூல் வந்தது. மரகதவல்லி உட்கார்ந்து காலை நீட்டி, ஊர் பேர் தெரியாத அந்தக் கழுத்துக்கு மனதார நன்றி சொன்னாள்.