கவிழாத உள்ளங்கை

“எலும்பு முறியலைன்னு எக்ஸ்ரே படம் சொல்லுது. கை திரும்பலைன்னு கை சொல்லுது. இதுல எதை நான் நம்பறது?”

காலையிலிருந்து சிற்றம்பலம் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். மலை மடத்தில் இதைக் கேட்காத காது பாக்கியில்லை. மடப்பள்ளிப் பூனைகூட எழுந்து வெளியே போய்விட்டது.

வடிவம்மை மாவு சலிப்பதை நிறுத்தவில்லை. மடத்தின் குரு அவர்தான். சீடனைவிட வயதில் சின்னவர், வாயில் பெரியவர்.

“ரெண்டு கையையும் நீட்டுங்க.”

நீட்டினான். இடது கை கவிழ்ந்து வந்தது. வலது கை, பிச்சை கேட்பதுபோல, மல்லாந்தே வந்தது. காட்டாற்றிலிருந்து கரையேறிய நாள் முதல் அது அப்படித்தான். தாழ்ப்பாள் திறக்க வராது. சொம்பு கவிழ்க்க வராது.

அம்மை அவனுடைய இடது மணிக்கட்டைத் தொட்டார். சுண்டுவிரல் பக்கம், புறங்கையை ஒட்டி எலும்பு முண்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் இருப்பதுதான். பிறகு வலது கையைத் தூக்கி அதே இடத்தைத் தடவினார்.

அங்கே குழி இருந்தது.

“இங்க இருந்தது எங்க போச்சு?”

“உள்ளங்கைப் பக்கம் நழுவிடுச்சாம்,” என்றான் சிற்றம்பலம்.

அம்மை நிமிர்ந்தார். “யார் சொன்னா?”

“பெரிய டாக்டர். போன வாரம். முதல் படத்தைச் சாய்ச்சு எடுத்துட்டாங்களாம், அதான் தெரியலையாம். பெரியவங்களுக்கு அபூர்வமா இப்படி மூட்டு விலகுமாம். மயக்கம் கொடுத்துத் திருப்பிடலாம்னார். நாள் கடத்தினா அப்படியே இறுகிடுமாம்.”

“அப்புறம்?”

“ஓடி வந்துட்டேன்.”

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் காலையிலேர்ந்து எங்க உயிரை வாங்கினீங்களா?”



அம்மை ஒரு பிடி மாவை அள்ளி அந்த உள்ளங்கையில் வைத்தார்.

“கொட்டுங்க.”

அவன் தோளைச் சாய்த்தான். இடுப்பை வளைத்தான். உடம்பே ஒருபக்கம் சரிந்தது. மாவு விழவில்லை.

மாவு மெல்லக் கருத்தது. ஓரங்களில் நீர் கசிந்தது. பிறகு, யாரோ விரல்களால் அழுத்தினாற்போல, அதில் நான்கு பள்ளங்கள் விழுந்தன.

மடப்பள்ளியில் ஆற்று மணலின் வாசனை எழுந்தது.

“யார் இது?” என்றார் அம்மை. வாசலில் வந்து நிற்பவரை விசாரிப்பதுபோல.

“மாசிலாமணி அண்ணன்.”

மடத்தில் அமாவாசை மௌன நாள். அன்றைக்குப் பார்த்துத்தான் சீடர்கள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். நடு ஆற்றில் மாசிலாமணியின் கால் பள்ளத்தில் இறங்கியது. அவர் கத்தவில்லை. இவனும் கூப்பிடவில்லை. கரையில் ஆட்கள் இருந்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்பிள்ளைகளும் விரதத்தை மட்டும் கெடுக்கவில்லை. துணியைப் பிழிவதுபோல வெள்ளம் இவனுடைய வலது கையை முறுக்கியது.

“நான் விடலை அம்மா. வெள்ளம்தான் பிரிச்சுது.”

“தெரியும்.”

“அவரும் விடலை.”

“உடம்பு கீழ்த்துறையில ஒதுங்கிச்சு. எரிச்சாச்சு. சாம்பலைக்கூட நீங்கதான் கரைச்சீங்க.”

“பிடி ஒதுங்கலையே அம்மா.”

அம்மை மாவிலிருந்த பள்ளங்களை எட்டிப் பார்த்தார்.

“கையைத் திருப்பினா அவர் மறுபடி தண்ணியில விழுந்துடுவார்,” என்றான். “திருப்பலைன்னா இந்தக் கை எனக்கு இல்லை. நான் என்ன பண்ணட்டும்?”

“என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?”

அம்மை சல்லடையைத் தட்டி வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி கீழே நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மாவுப் பள்ளங்கள் இன்னும் ஆழமாயின.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

சிற்றம்பலம் உள்ளங்கையை வாயருகே கொண்டுபோனான்.

“அண்ணே, இன்னிக்குப் பேசலாம். விடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”