நாச்சிமுத்து அறை வாடை

"நாச்சிமுத்த அனுப்பிடலாமுங்கம்மா" என்றார் மருதாசலம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க அனுப்பறது?"

"கோபியில ஒரு முதியோர் இல்லம் இருக்குதுங்க. பேசிட்டேன். நாளைக்குக் காலைல வண்டி வந்துரும். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"என்ன பண்ணினாரு?"

மருதாசலம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாடைங்கம்மா."

அந்த மடத்தில் நாற்றத்தை நாற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலையும் மாலையும் பதிகம் பாடுகிற வாய்க்கு அந்தச் சொல் வராதாம். வாடை என்பார்கள். என்ன பேர் வைத்து என்ன, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடமாடினார்கள்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெருந்துறைக்கு வெளியே, பாதாளச் சாக்கடை இன்னும் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒரு வீடு. கழிவெல்லாம் கொல்லையில் உள்ள செப்டிக் டேங்குக்குப் போகும். கட்டியவர் பெரியவர். அவர் சமாதியான பிறகு அவருடைய மாணவி செல்லாத்தாள் பொறுப்புக்கு வந்தார். அவர்தான் அம்மா. மருதாசலத்தைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் மருதாசலம் அவரிடம்தான் உபதேசம் வாங்கியிருந்தார்.

மருதாசலம் ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து மடத்து நிர்வாகம் பார்த்தார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனுக்கு ஒருத்தரைப் பற்றி முடிவு கட்ட அதிக நேரம் பிடிப்பதில்லை.

நாச்சிமுத்துவுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீருக்கு டியூப் போட்டு, இடுப்பில் ஒரு பை தொங்கும். மடத்தை விட்டுப் போனால் அவருக்குத் தெரிந்த முகம் இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

"டேங்க் நெறஞ்சிருக்குமோ?" என்றார் அம்மா.

"லாரி வெச்சு எடுத்தாச்சுங்க. பினாயில் ஊத்தியாச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு. இனி மிச்சம் அவருதான்."

"அவரு பக்கத்துல உக்காந்து பாத்தீங்களாண்ணா?"

"வாசல்ல நின்னு பாத்தனுங்க."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

நாச்சிமுத்து அவர்களைப் பார்த்ததும் பையின் மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுவர் ஓரமாக ஒண்டினார்.

அம்மா கட்டிலில், அவரை ஒட்டி உட்கார்ந்தார்.

"கிட்ட வராதீங்கம்மா" என்றார் நாச்சிமுத்து. "எனக்கே தெரியுதுங்க. நான் போயிடறேன்."

"போறது இருக்கட்டும். சித்த நேரம் வேப்ப மரத்தடில போய் உக்காருங்க." மருதாசலத்தின் பக்கம் திரும்பினார். " பாயி, தலகாணி, துணி எல்லாத்தையும் வெளிய போட்டுருங்க."

எல்லாம் வெளியே போயின. அறையைக் கழுவிவிட்டார்கள். பொழுது உச்சிக்கு வந்தது.

அம்மா மருதாசலத்தைக் கூப்பிட்டு அறைக்குள் நிறுத்தினார்.

"இப்ப?"

மருதாசலம் மூக்கைச் சுளித்தார். "அடிக்குதுங்க."

"நாச்சிமுத்தண்ணன் எங்க?"

"மரத்தடில."

"அப்பறம் எப்படி?"

"ஊறிப்போயிருக்குமுங்கம்மா. சுவத்துல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனார். டேங்க் மூடியைச் சுற்றிலும் குனிந்து மோந்தார். சிமெண்ட் பூச்சு கெட்டியாக இருந்தது. மாடிக்குப் போய், டேங்கின் காற்றை மேலே விடுகிற குழாயைப் பார்த்தார். அடைப்பு ஒன்றுமில்லை.

மருதாசலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. குரு ஸ்தானத்தில் இருக்கிறவர் கக்கூஸ் குழாயை மோந்துகொண்டு திரிவதா?

"அம்மா, நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க? இதெல்லாம் நீங்க பண்ணலாமுங்களா?"

"மூக்கு எனக்கும் இருக்குதில்லண்ணா. சாக்க நனைச்சு எடுத்துட்டு வாங்க. வீட்டுல தண்ணி போற ஓட்டை எங்கெங்க இருக்குதோ அங்கெல்லாம் போட்டு மூடுங்க."

மருதாசலம் தானே செய்தார். சமையலறை, துணி துவைக்கிற இடம், குளியலறைகள், கக்கூஸ்கள், எல்லாவற்றிலும் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அழுத்தினார். வேட்டி நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது.

காத்திருந்தார்கள்.

வாடை போகவில்லை.

மருதாசலத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். பொய் சொல்வானேன், அந்த நேரத்தில் அவருக்குத் தான் ஜெயித்ததுதான் பெரிதாகத் தெரிந்தது.

"பாத்தீங்களாம்மா? நான் சொன்னனில்லீங்க."

"எல்லா ஓட்டையும் மூடிட்டீங்களா?"

"எல்லாம் மூடியாச்சுங்க."

"எல்லாம்னா?"

"எல்லாந்தான். பெரியவர் அறை மட்டும் விட்டுட்டேன். அத யாரும் பொழங்கறதில்லீங்களே."

அம்மா கையை நீட்டினார்.

"சாவி."

பெரியவர் அறை நாச்சிமுத்து அறைக்கு அடுத்தது. அதோடு சேர்ந்த குளியலறையின் சின்ன ஜன்னல் நாச்சிமுத்துவின் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பெரியவர் போன நாளிலிருந்து அங்கே மருதாசலத்தைத் தவிர ஒருவரும் கால் வைத்ததில்லை. காலையும் மாலையும் அவர்தான் போய் சாம்பிராணி போடுவார். அறை எப்போதும் புகைமூட்டமாக இருக்கும்.

அன்றைக்குக் காலையில் போட்ட புகை அடங்கியிருந்தது. மருதாசலம் தூபக்காலை எடுத்தார்.

"வெச்சிருங்கண்ணா. இப்பப் போட வேண்டாம்."

அம்மா குளியலறைக் கதவைத் திறந்தார்.

குப்பென்று அடித்தது.

மருதாசலம் ஓரடி பின்வாங்கினார். ஒரு சுருக்கமில்லாமல் மடித்த துண்டு, கவிழ்த்து வைத்த வாளி, பளபளக்கிற தரை. கக்கூஸின் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் அடியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. தரையில் தண்ணீர் போகிற ஓட்டையும் காய்ந்து கிடந்தது.

"இதுல நிக்கற தண்ணி எங்கீங்கண்ணா?"

"நான்தானுங்க துணி விட்டு ஒத்தி எடுத்தேன். தண்ணி நின்னாக் கொசு முட்ட போடும். பெரியவர் இருந்த எடமாச்சுங்களே. வாரா வாரம் பாத்து, ஒரு சொட்டு இல்லாம எடுத்துருவேன்."

"ஊருக்குப் போயிட்டு ரொம்ப நாள் கழிச்சு வந்து வீட்டத் தொறந்தா எப்படி இருக்கும்?"

"நாத்தமடிக்கும்" என்றார் மருதாசலம். வாடை என்று சொல்ல மறந்துவிட்டார்.

"ஏன்?"

மருதாசலம் குனிந்து கக்கூஸுக்குள் எட்டிப் பார்த்தார். கடை கட்டி, வீடு கட்டி, கொத்தனாரோடு மல்லுக்கு நின்றவர் அவர். கக்கூஸுக்குக் கீழே குழாய் வளைந்து போகும், அந்த வளைவில் தேங்குகிற தண்ணீர்தான் டேங்கின் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. பெரியவர் அறைக் கக்கூஸுக்கும் அதேதான் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"ஒரு வாளி தண்ணி கொண்டாங்க" என்றார் அம்மா.

"இங்கயா ஊத்தப் போறீங்க? அவர் போன பொறவு இங்க ஒரு சொட்டு விழுந்ததில்லீங்கம்மா."

"தெரியுதுங்கண்ணா."

மருதாசலம் கொண்டுவந்தார். ஊற்ற மனம் வராமல் வாளியைப் பிடித்தபடி நின்றார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். உதவிக்கு வரவில்லை.

கடைசியில் மருதாசலமே ஊற்றினார். பாதியைக் கக்கூஸில், மீதியைத் தரை ஓட்டையில். களக் களக்கென்று இறங்கி நின்றது.

கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டார்கள். வெயில் தாழ்வதற்குள் வீட்டில் கீரை வேகிற வாசம் தனியாகத் தெரிந்தது.

மருதாசலம் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு சுத்தமா வெச்சிருந்தேனுங்கம்மா."

"ஆமாங்கண்ணா. ரொம்பச் சுத்தம்."

"வண்டி வேண்டாம்னு போன் பண்ணிட்டேன்."

"சரி."

"நாச்சிமுத்துகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா. அவரால இல்லீன்னு."

அம்மா பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னார்:

"அவராலதான்னு நான் அவருகிட்டச் சொல்லவே இல்லியேண்ணா."

மருதாசலம் எழுந்தார். நடுவில் இருந்தது ஒரு கூடம்தான். அதைத் தாண்ட அவருக்கு நேரமாயிற்று.

நாச்சிமுத்து அறைக்குத் திரும்பியிருந்தார். இரண்டு வேட்டியையும் சட்டையையும் மூட்டை கட்டி மடியில் வைத்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவர் முகத்தை மருதாசலம் பார்த்தே நாளாயிற்று.

இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்கயும் போக வேண்டாமுங்க."

நாச்சிமுத்து மூட்டையை இறுக்கிப் பிடித்தார்.

"நாத்தம் உங்ககிட்ட இல்லீங்க. பெரியவர் கக்கூஸ்ல இருந்து வந்துது. நான் பண்ணின வேலை. தப்பு என்னோடது."

"எங்கிட்ட இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நெசமாலுமா?"

"நெசமாலுமுங்க."

நாச்சிமுத்து துண்டை விலக்கித் தன் பையைப் பார்த்தார். அடியில் கொஞ்சமாக, கரும் மஞ்சளாக இருந்தது.

"அப்ப, இனி நான் தண்ணி குடிக்கலாமுங்களா?"